விபத்து நடந்த நாளை எழுதி வையுங்கள்

(கண்டியில் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த சட்ட அறிவு வகுப்பில் ஆற்றிய உரை)



கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானை, ரங்கலை என்று பல பக்கங்களிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். வந்த பாதை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நடுவில் பஸ்சும் லொறியும் முச்சக்கரவண்டியும், அவற்றோடு கொழுந்துச் சாக்கைச் சுமந்து போகிற நம் பெண்களும். இன்று அந்தப் பாதையில் அடிபட்டவர்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறோம். அதிலும் ஒரே ஒரு விடயத்தை: அந்த உரிமை எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும்?

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவரைப் பிரதான வீதியில் லொறி ஒன்று அடித்தது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அந்த வாரமே சங்கத்துக்குச் செய்தி வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். பெரட்டுக் களத்தில் காசு சேர்த்துக் கொடுத்தோம். பிள்ளைகளுக்குக் கொப்பி, புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். லொறிச் சாரதிக்கு எதிராகப் பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்காவும் ஊன்றுகோலோடு தவணைக்குத் தவணை போய் வந்தார். ஒரு நாள் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போனது. "எனக்கு எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டு, எல்லாக் காகிதத்தையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் எங்களிடம் வந்தார். சட்டத்தரணி அந்தப் பையிலிருந்து முதலில் தேடி எடுத்தது ஒரு திகதியைத்தான். விபத்து நடந்து இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அவர் பையை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அக்காவுக்கு வழக்கு இருந்தது. சாட்சி இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட சாரதியும் இருந்தார். நாள் மட்டும் இல்லாமல் போனது. முதல் வாரமே தெரிந்திருந்தும் நாங்கள் அவருக்கு அதைச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வகுப்பு.

தோழர்களே, வேலைநீக்கத்துக்கு 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும் என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் நித்திரையிலும் சொல்வீர்கள். அதே போலப் பாதை விபத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டத்தரணிகள் அதைப் 'பிரிஸ்கிரிப்ஷன்' சட்டம் என்பார்கள். போன முறை இதைச் சொன்னபோது ஒரு தலைவர், "டொக்டர் எழுதுகிற துண்டா?" என்று கேட்டார். இல்லை, இது காலாவதிச் சட்டம். ஒருவரின் கவனக்குறைவால் நமக்குக் காயமோ நட்டமோ ஏற்பட்டால், அது நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று அதன் 9ஆவது பிரிவு சொல்கிறது. லூல்கந்துரையில் தேயிலை நட்டு நாலு வருடத்தில் வந்த சட்டம். இன்றைக்கும் அதுதான் நம்மைக் கட்டுகிறது.

இதில் நம் ஆட்கள் ஏமாந்து போகிற இடங்கள் நான்கு.

முதலாவது, பொலிஸ் வழக்கு. நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது அரசாங்கம் சாரதிக்கு எதிராக நடத்துகிற வழக்கு. நட்டஈட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் நாம்தான் போட வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குரிய நீதிமன்றத்திலோ, எதிராளி வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலோ போடலாம். பொலிஸ் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது இழுபட்டுக்கொண்டிருந்தாலும் நம் 2 வருடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது, பேச்சுவார்த்தை. லொறி முதலாளியின் ஆள் லயத்துக்கு வருவார். பழக்கூடையோடு வருவார். "அம்மா, கோட்டுக்கெல்லாம் போகவேணாம், நாங்க பாத்துக்கிறோம்" என்பார். இன்சூரன்ஸ்காரர் இன்னொரு படிவம் கேட்பார், பிறகு இன்னொன்று கேட்பார். இவர்களோடு பேசக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நியாயமான தொகை தந்தால் வாங்கலாம். ஆனால் பேசிக்கொண்டிருப்பதால் நாள் நிற்காது. தெரியாத மொழியில் எழுதிய எந்தக் காகிதத்திலும் வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். "இதோடு எல்லாம் தீர்ந்தது" என்ற ஒரு வரி அதற்குள் இருந்தால் பிறகு நாம் எதுவும் கேட்க முடியாமல் போகலாம்.

மூன்றாவது, கோரிக்கைக் கடிதம். சட்டத்தரணி ஒரு கடிதம் அனுப்பிவிட்டால் வழக்குப் போட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வழக்காகாது. வழக்குரை நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். அந்த நாளைத்தான் சட்டம் கணக்கில் எடுக்கும்.

நான்காவது, இரண்டு வருடம் முழுவதும் நம் கையில் இருக்கிறது என்ற நினைப்பு. அது உண்மையில்லை. அரசாங்கத் திணைக்களத்தின் வாகனம் அடித்து, சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போடுவதென்றால், அதற்கு ஒரு மாதம் முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். சிறிய தொகைக்கான பிணக்கென்றால் முதலில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை எடுக்க வேண்டிவரும். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சட்ட வைத்திய அறிக்கை, நீதிமன்றப் பிரதி ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு பேர் போகும். ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் சட்டத்தரணியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு இருக்கிறது. சின்னது என்றாலும் பெரிய காசு அதில்தான் தங்கியிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, பாதையில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் ஆள் காப்புறுதி கட்டாயம். வழக்கில் நாம் வென்றால் அந்தக் காப்புறுதி நிறுவனத்திடம் பணத்தைக் கேட்கலாம். ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு வழக்கைப் பற்றிய அறிவித்தல் போயிருக்க வேண்டும். அது போகாவிட்டால், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சாரதியின் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அவரும் நம்மைப் போல அன்றாடம் உழைப்பவராக இருப்பார். சட்டத்தரணியிடம் "இன்சூரன்சுக்கு நோட்டீஸ் போயாச்சா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளுங்கள்.

விதிவிலக்கும் உண்டு. அடிபட்டது சின்னப் பிள்ளையென்றால், அந்தப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை அதன் காலம் ஓடத் தொடங்காது. சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும், உரிமை பிறந்த நேரத்தில் கடல் கடந்து இருந்தவருக்கும் இப்படியான பாதுகாப்பை அதே சட்டம் தருகிறது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய்மார் நம் தோட்டங்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இங்கே கணவர் விபத்தில் இறந்துவிட்டார், மனைவி அங்கே இருக்கிறார் என்றால், "காலம் போய்விட்டது" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். சட்டத்தரணியிடம் கொண்டு வாருங்கள். அதே நேரம், விதிவிலக்கை நம்பித் தள்ளிப்போடவும் கூடாது. சாட்சி சொல்பவர் ஊரை விட்டுப் போவார். கடைக்காரரின் கமராவில் பழைய பதிவு அழிந்துபோகும்.

வேலையின்போது நடந்த விபத்தென்றால் இன்னொரு கதவும் திறக்கும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் அதற்குள் வருகின்றன. லொறியிலும் டிரக்டரிலும் ஏற்றிக்கொண்டு போகிற நம் ஆட்களுக்கு இது முக்கியம். அதற்கு முதல் வேலை, விபத்தைப் பற்றி நிர்வாகத்துக்கு உடனே எழுத்தில் அறிவிப்பது. கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். இந்த வழியா, மாவட்ட நீதிமன்றமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்ட பிறகு முடிவெடுங்கள். ஒரு கதவால் போனால் மற்றது அடைபடக்கூடும்.

அடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வாகனம் என்றாலும் கைவிட்டுவிடாதீர்கள். தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

சிலர் தமிழ்நாட்டு உறவினரிடம் போனில் கேட்டு நடக்கிறார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் நமக்குச் சொந்தக்காரர் நிறைய. அவர்கள் சொல்வது அந்த நாட்டுச் சட்டம். அங்கே விபத்து நட்டஈட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு, 2022 ஏப்ரலிலிருந்து மனுப்போட 6 மாதம்தான் என்று விதியும் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 3 வருடம். நமக்கு 2 வருடம். நம் கணக்கை நம் நாட்டில் கேளுங்கள்.

தோழர்களே, 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பஸ் மோதி, வேனிலும் முச்சக்கரவண்டியிலும் வந்த 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படி நடக்கும்போது தலைவர்கள் வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள். நிவாரணம் கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது. நட்டஈடு நம் உரிமை. ரதெல்லை விபத்துக்கு இரண்டு வருடம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கெரண்டி எல்லை விபத்துக்கு 2027 மே 11 வருவதற்கு முன் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அந்த பஸ்சில் வந்தவர்களின் குடும்பத்தார் யாரையாவது தெரிந்திருந்தால், இந்தத் திகதியைப் போய்ச் சொல்லுங்கள்.

காசில்லையே என்ற கவலை வரும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வசதியில்லாதவர்களுக்கு வழக்குப் பேசத்தான் இருக்கிறது. கண்டியிலும் அதற்கு நிலையம் உண்டு. தனியாகப் போகத் தயங்குபவர்களோடு சங்கத்திலிருந்து ஒருவர் போவோம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் திகதி எழுதுகிறோம். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பழக்குகிற அதே பழக்கத்தைத்தான் உங்களிடமும் கேட்கிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு 80 பக்கக் கொப்பி வையுங்கள். விபத்து நடந்த நாள், நேரம், இடம், வாகன இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், பார்த்தவரின் பெயர், ஆஸ்பத்திரித் துண்டின் பிரதி ஆகியவற்றை அதில் சேருங்கள். அடிபடுவதற்கு முந்திய மாதங்களின் சம்பளத் துண்டுகளையும் சேருங்கள். எத்தனை பேர் போட்டார், எவ்வளவு இழந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. கடைசியாக, பக்கத்தின் மேலே சிவப்புப் பேனையால் இரண்டு வருடம் முடிகிற திகதியை எழுதுங்கள்.

அந்த அக்கா இப்போது மலைக்குப் போவதில்லை. கால் தாங்கவில்லை. அவர் தோட்டத்தில் விபத்துக் கொப்பியை இப்போது அவர்தான் வைத்திருக்கிறார். போன மாதம் அதில் ஒரு பெயர் ஏறியது. ஐந்தாவது நாளே அவர் எங்களுக்குக் கோல் எடுத்தார். இந்த முறை நாள் நம் பக்கம் இருக்கிறது.