பாட்டும் படமும் கூட்டலும்

கூட்டலைக் குழந்தை முதலில் கையால்தான் கற்கிறது. கீரமங்கலம் பூ வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே மூன்று முல்லை மொட்டுகளோடு இரண்டைச் சேர்த்து வைத்தாலே பாடம் தொடங்கிவிடும். பிறகு அதே மொட்டுகள் படமாகின்றன. எண்குறிகள் கடைசியில் வருகின்றன. செயல், படம், குறியீடு என்ற இந்த வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கினார்.

பாட்டுக்கு இதில் தனி வேலை உண்டு. மூன்றையும் இரண்டையும் கூட்டச் சொன்னால், சிறு குழந்தை ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணும். நாளடைவில் மூன்றை மனத்தில் வைத்துக்கொண்டு "நான்கு, ஐந்து" என்று மேலே போகும். கிளையில் கிளிகள் ஒவ்வொன்றாக வந்து அமரும் பாட்டு, அந்தத் தாவலுக்குக் காதைப் பழக்குகிறது. அடிக்கு ஒரு விரல் நிமிர்கிறது. விரல்விட்டு எண்ணுவதைத் தடுப்பது பெருந்தவறு. குழந்தையின் முதல் மணிச்சட்டமே அதுதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் எண்சுவடியை உரக்க ஓதித்தான் கணக்குப் பழகினார்கள்.

தமிழ்நாட்டில் 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாடலும் படமும் செயல்பாடும் உண்டு. முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கிய அதில், குழந்தைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிந்து கற்கிறார்கள்.