உத்தரவாதம் முடிந்த பின்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பிக்கப் என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியாகும். புது வண்டியின் அழகையும் வேகத்தையும் விளம்பரங்களே போதிய அளவுக்கு எடுத்துரைக்கின்றன. உற்பத்தியாளர் தந்த உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அவ்வண்டி எத்துணைக் காலம் நம்பிக்கையாக உழைக்கும், அங்ஙனம் உழைக்க அதன் உடையவர் செய்ய வேண்டுவன யாவை என்பதே இன்றைய ஆராய்ச்சி. பொறியியல் என் துறையன்று. மொழிபெயர்ப்பே என் தொழில். எனினும், சட்டங்களையும் விதிகளையும் தமிழாக்கும் பணியில் பல்லாண்டு கழித்தவனுக்கு ஒவ்வொரு சொல்லின் எல்லையையும் அளந்து பார்க்கும் பழக்கம் படிந்துவிடுகிறது. உத்தரவாதப் பத்திரத்தைப் படிப்பதற்கு அப்பழக்கம் மிகவும் பயன்படும்.

முதலில், இவ்வண்டி நம் நாட்டு வாழ்வில் பெற்றுள்ள இடத்தைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டி விற்பனைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர் அளவு, 16 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சினைப் பார்த்து முதலில் நகைத்தவர்களும் உண்டு. ஆனால் வடநாட்டார் அதனைச் ‘சோட்டா ஹாத்தி’ என்றும், தமிழ்நாட்டார் ‘குட்டி யானை’ என்றும் செல்லப் பெயரிட்டு அழைக்கலாயினர். அதற்கு முன்னரே மகீந்திரா நிறுவனத்தின் பிக்கப் வண்டிகள் ஊர்ப்புறச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்து சேர்ந்தது. இன்று டெல்லி ஆசாத்பூர் சந்தையிலும், சென்னைக் கோயம்பேட்டிலும் விடியற்காலையில் நின்று பார்த்தால், நாட்டின் காய்கனிகள் யார் முதுகில் ஏறி வருகின்றன என்பது விளங்கும். இவ்வண்டிகளில் பலவற்றுக்கு உடையவரும் ஓட்டுநரும் ஒருவரே. அவருக்கு அது வாகனம் மட்டுமன்று. கடையும் வயலும் அதுவே.

இத்தகையவருக்கு உத்தரவாதம் என்பது எவ்வளவு காலம் துணைநிற்கிறது? பத்திரத்தில் ஆண்டுக் கணக்கும் கிலோமீட்டர்க் கணக்கும் சேர்த்தே குறிக்கப்பட்டிருக்கும்; ‘இவற்றுள் எது முந்துகிறதோ அது’ என்னும் தொடர் பின்வரும். அத்தொடரே பத்திரத்தின் உயிர்நிலை. எடுத்துக்காட்டாக, மூன்று ஆண்டு அல்லது ஓர் இலட்சம் கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 120 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டி, ஓர் ஆண்டில் 36,000 கிலோமீட்டரைக் கடக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஒன்பது மாதங்களில் இலட்சம் நிறைந்துவிடும். நாள் ஒன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடினாலோ, இரண்டாம் ஆண்டு நிறைவதற்கு முன்பே உத்தரவாதம் விடைபெற்றுக்கொள்ளும். ஆனால் வண்டிக்கு வாங்கிய கடன் அவ்வாறு விரைந்து முடிவதில்லை. ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கியவர், பொறுப்பேற்பார் எவருமில்லாத நிலையில், எஞ்சிய இரண்டு மூன்று ஆண்டுகளும் மாதந்தோறும் பணம் கட்டியாக வேண்டும். வண்டி நின்றுபோனால் வாடகை நிற்கும், தவணை நிற்காது. இந்த இடைக்காலமே உடையவருக்கு உண்மையான சோதனைக் காலம்.

இனி, சொல்லின் பொருளைச் சிறிது நோக்குவோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்பனை ஒப்பந்தத்தில் அடங்கும் உறுதிமொழிகளை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் முதன்மை நோக்கத்துக்கு இன்றியமையாதது நிபந்தனை. அது மீறப்பட்டால் பொருளையே வேண்டாமென்று மறுக்கலாம். அந்நோக்கத்துக்குத் துணையாக நிற்பது உத்தரவாதம். அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாமே அன்றிப் பொருளை மறுத்தல் இயலாது. உற்பத்தியாளர் தரும் பத்திரமும் இதுபோன்று எல்லை வகுக்கப்பட்ட ஒன்றே. அது பொதுவாக உற்பத்தியிலோ மூலப்பொருளிலோ உள்ள குறைக்கே பொறுப்பேற்கும். பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, வடிகட்டிகள் முதலிய தேயும் பொருள்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ஆகவே, உத்தரவாதம் இருக்கும்போதே வண்டியின் பராமரிப்பில் பெரும்பகுதி உடையவர் தலையில்தான் இருக்கிறது என்பதை முதலில் உணர வேண்டும்.

பொறியியல் அறிஞர்கள் இயந்திரத்தின் ஆயுளை மூன்று பருவங்களாகப் பகுப்பர். முதற்பருவத்தில், உற்பத்தியில் நேர்ந்த குறைகள் வெளிப்படும். பழுதுகள் மிகுந்து, பின்னர்க் குறையும். நடுப்பருவத்தில் பழுது அரிது. நேர்வது பெரும்பாலும் தற்செயலாக நேரும். முடிவுப் பருவத்தில் தேய்மானத்தால் பழுதுகள் மீண்டும் பெருகும். இதனைக் கோடாக வரைந்தால் குளியல் தொட்டியின் குறுக்குத் தோற்றம் கிடைக்கும். ஆதலால் அதனைத் தொட்டிக் கோடு என்பர். உற்பத்தியாளரின் உத்தரவாதம் முதற்பருவத்தைக் காக்கிறது. அது முடியும் நேரத்தில், நன்கு பேணப்பட்ட வண்டி தனது நடுப்பருவத்தில், நல்ல இளமையில் இருக்கிறது. பத்திரம் காலாவதியானதும் வண்டியும் காலாவதியானதென்று அஞ்சி அடிமாட்டு விலைக்கு விற்பவர், தமது முதலின் சிறந்த பகுதியைப் பிறருக்குத் தாரை வார்க்கிறார். அந்த நடுப்பருவத்தை நீட்டுவதும் குறுக்குவதும் உடையவர் கையில் பெரிதும் உள்ளன.

அதனைக் குறுக்குவனவற்றுள் தலையாயது மிகைச் சுமை. பேரிங் எனப்படும் தாங்கிகளைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. குண்டுகள் வைத்த தாங்கியின்மீது ஏறும் சுமை இருமடங்கானால், அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்றே நாம் எண்ணுவோம். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. சுமை கால் பங்கு மிகுந்தாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஸ்பிரிங் பட்டைகள், அச்சு, கிளட்ச், டயர் ஆகியவையும் தத்தம் வழியில் இவ்வாறே பழிவாங்கும். ஒரு நடையை மிச்சப்படுத்த ஏற்றிய பத்து மூட்டைகளுக்குரிய கூலி அன்று மாலையே கைக்கு வரும். அவற்றுக்குரிய செலவு இரண்டாண்டு கழித்து, உத்தரவாதம் இல்லாத காலத்தில் வரும். சட்டமும் சும்மா இருப்பதில்லை. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

இரண்டாவது, வண்டியினுள் ஓடும் திரவங்கள். எஞ்சின் ஆயிலை உரிய காலத்தில் மாற்ற வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். பிரேக் ஆயிலை அத்துணைப் பேர் நினைப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிக மிக, அதன் கொதிநிலை தாழ்ந்துகொண்டே வரும். டேராடூனிலிருந்து முசோரிக்குச் சரக்கேற்றிச் சென்ற வண்டி, திரும்பும்போதும் பாரத்துடன் இறங்குவதாகக் கொள்வோம். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்த, சக்கரங்களில் வெப்பம் ஏறும், பழைய திரவம் கொதித்து ஆவியாகும், ஆவி அழுந்தக்கூடியதாதலால் மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாய்ச் செலவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்திரவத்தை மாற்றியிருந்தால் அவ்விபத்தைத் தவிர்த்திருக்கலாம். அங்ஙனமே, ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். டீசல் வடிகட்டியின் அடியில் தங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடாவிட்டால், விலையுயர்ந்த இன்ஜெக்டர்கள் கெடும்.

மூன்றாவது, புதிய வண்டிகளுக்கே உரிய ஒரு செய்தி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைத்தர நியதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அமைக்கப்பட்டது. சில வண்டிகளில் யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. பிடித்த கரியை அவ்வடிகட்டி வெப்பத்தால் எரித்துத் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும். அதற்குப் புகை போதிய அளவு சூடேற வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று நின்று செல்லும் நகர வண்டியில் அச்சூடு ஏறுவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன், கையேட்டில் சொல்லியபடி, தங்கு தடையற்ற சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், வடிகட்டியையே மாற்றும் பெருஞ்செலவு நேரும். அதனைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் பட்டறைக்காரர்களும் உளர். அது சட்டத்துக்குப் புறம்பானது. ஊரார் மூச்சுக்கும் கேடு. இத்தகைய வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனிவகை எஞ்சின் ஆயில் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

உத்தரவாதம் முடிந்தபின் எழும் அடுத்த கேள்வி, வண்டியை யாரிடம் காட்டுவது என்பது. நிறுவனத்தின் பணிமனை, நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஆகிய இரண்டுக்கும் இடம் உண்டு. மின்னணு அமைப்பைச் சோதிக்க முன்னதும், பட்டையும் பேரிங்கும் பார்க்கப் பின்னதும் பொருத்தமாகலாம். எங்குச் சென்றாலும் உதிரிப் பாகம் அசலா என்பதைப் பார்த்து, ரசீதும் வாங்கிவைக்க வேண்டும். டெல்லி காஷ்மீரி கேட்டிலும், சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைக்காத பாகம் இல்லை. அவற்றுள் நல்லதைத் தெரிந்தெடுக்கும் கண் வேண்டும். பிரேக், ஸ்டியரிங் ஆகிய உயிர்காக்கும் உறுப்புகளில் மட்டும் மலிவை நாடலாகாது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காக, 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வாணை மேல்முறையீட்டுக்குச் சென்றது என்றாலும், பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை என்னும் கருத்து அன்று முதல் வலுப்பெற்றது. 2022 டிசம்பரில் மத்திய அரசாங்கம் அவ்வுரிமைக்கெனத் தொடங்கிய இணையதளத்தில் மோட்டார் வாகனத் துறையும் இடம்பெற்றது.

சட்டத்தில் ஒரு நுட்பமும் உண்டு. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்று சட்டம் கொள்வதில்லை. ஆதலால், வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு நுகர்வோர் மன்றம் செல்ல இயலாதென்று பலர் எண்ணி விடுகின்றனர். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கவுரை, சுயதொழில் வாயிலாகத் தம் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கத்திலிருந்து விலக்கியுள்ளது. தாமே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வண்டிக்காரருக்கு இவ்வொரு வாக்கியம் பெரிய அரண். முறையீட்டுக்கு உரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். உத்தரவாதக் காலத்தில் காட்டிய குறை அரைகுறையாகத் தீர்க்கப்பட்டு, பின்னர் மீண்டும் தலைதூக்கினால், அன்று எழுதி வாங்கிய பணிச்சீட்டே சான்றாகும். ஆகையால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாமல், ஒவ்வொரு குறையையும் சீட்டில் எழுதச்செய்து நகல் பெறுதல் நன்று. உத்தரவாதம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னர், வண்டியை மேலே தூக்கி அடிப்புறம் முழுவதும் பார்க்கச் செய்வது அதனினும் நன்று.

இறுதியாகப் பணக்கணக்கு. உத்தரவாதம் முடியும் நாளிலிருந்து உடையவர் தமக்குத் தாமே ஓர் உத்தரவாதம் எழுதிக்கொள்ளலாம். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் என்று ஒதுக்கிவைத்தால், மேலே சொன்ன வண்டிக்கு ஆண்டில் 36,000 ரூபாய் சேரும். பிக்கப் வண்டியில் தேயும் பொருள்கள் பெரும்பாலும் முன்னறிவித்தே தேய்கின்றன. கிளட்ச் வழுக்கும், பேரிங் முனகும், பட்டை சாயும். அவ்வறிகுறி கண்டவுடன் செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், பழுது பார்க்கும் நாளை நாம் குறிக்கலாம். பணம் இல்லாவிட்டால், அந்நாளை வண்டி குறிக்கும்; அது பெரும்பாலும் தக்காளி ஏற்றிய நாளாக இருக்கும்.

இதனுடன் ஒரு சிறு குறிப்பேடும் வேண்டும். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு, வண்டி நின்ற நாள்கள் ஆகிய ஐந்தையும் எழுதினால் போதும். வணிக வண்டிகள் எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கொருமுறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது விதி. மக்கள் ‘எஃப்.சி.’ என்று சொல்லும் அச்சான்றுக்கு ஆயத்தம் செய்யவும் இக்குறிப்பேடு உதவும். வண்டியை எப்போது விற்பது என்னும் கேள்விக்கும் அதிலேயே விடை கிடைக்கும். செலவு ஓராண்டு மிகுந்ததைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. ஒரு பெரிய வேலை முடிந்தபின் பல வண்டிகள் மீண்டும் ஆண்டுக்கணக்கில் அமைதியாக ஓடுகின்றன. ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், வேறு வேறு உறுப்புகள் பழுதாகி, நின்ற நாள்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தால், மூன்றாம் பருவம் வந்துவிட்டதென்று அறியலாம். அப்போது விற்கும்போதும், அந்தக் குறிப்பேட்டை வாங்குபவர் கையில் கொடுங்கள். ஒழுங்காக எழுதிய கணக்குள்ள வண்டிக்கு நியாயமான விலை கேட்க உங்களுக்கும் வாய் இருக்கும். கொடுக்க அவருக்கும் மனம் வரும்.