படகுக்கும் கரைக்கும் நடுவே

தேக்கடி ஏரி நீர் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகப் போக, மட்டம் குறைந்து படகேறும் இடம் கீழே இறங்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த இறக்கமே பெரும் தடை.

பிள்ளைகள் அழைத்துப்போகும் கப்பல் சுற்றுலாவிலும் இதே கதை. கப்பல் துறைமுகத்தை ஒட்டி நின்றால் பேட்டரி ஸ்கூட்டரிலேயே இறங்கலாம். கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்கு அனுப்பினால், பல கம்பெனிகள் கனமான ஸ்கூட்டரை ஏற்றுவதில்லை. ஆடும் படகில் அதைத் தூக்குவது யார்?

2023-ல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் மேடையே மிதக்கிறது. தண்ணீரோடு படகும் மேடையும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான்! தேக்கடிக்கும் இது வரவேண்டும்.

டிக்கெட் வாங்குமுன், எந்தெந்த ஊரில் கப்பல் கரையை ஒட்டும், எங்கே படகு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரின் எடையையும் சொல்லிவிடுங்கள், பேட்டரியோடு சேர்த்து.