பயிற்றுநரை எடை போடுவது எப்படி?



ஜார்ஜ் டவுன் நகரத் திடலில் காற்பந்தாட்டம் பார்த்துவிட்டு, பினாங்குத் துறைமுகத்தில் படகேறும்போது நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? "தோற்றுவிட்டோம், பயிற்றுநரை மாற்ற வேண்டும்" என்கிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா?

பினாங்குக் குழு 2021-இல் சூப்பர் லீக்கில் 3-ஆம் இடம் பெற்றது. 2022-இல் கடைசி இடத்திற்கு இறங்கியது. ஒரு பருவத்து அட்டவணையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

கே. ராஜகோபாலைப் பாருங்கள். 2010 டிசம்பர் 1-இல் ஜகார்த்தாவில் அவருடைய மலேசியக் குழு இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. அன்றே அவரை நீக்கியிருந்தால்? அதே மாத இறுதியில், அதே இந்தோனேசியாவை இரண்டு இறுதி ஆட்டங்களில் 4-2 என்ற மொத்தக் கோல் கணக்கில் வென்று, ஆசியான் கிண்ணத்தை முதன்முறையாக நமக்குத் தந்தார். காரணம் என்ன? 2009 சீ விளையாட்டில் தங்கம் வென்ற இளைஞர் பலரை முன்பே பழக்கி வைத்திருந்தார்.

சம்பளமும் சரியான அளவுகோல் அல்ல. அது குழுவின் பண வசதியையே காட்டும்.

பால் வெட்டுபவரின் திறமையை வாளியை மட்டும் பார்த்தா சொல்கிறோம்? மரத்தின் வயதையும் மழையையும் சேர்த்தல்லவா எண்ணுகிறோம்! பயிற்றுநருக்கும் அந்த நியாயத்தை வழங்குவோம்.

நம் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புமுன் மூன்றைக் கேட்போம்: ஆட்டம் வராத பையனுக்கும் கற்றுக்கொடுக்கிறாரா? நேரம் தவறாமல் வருகிறாரா? பள்ளிப் பாடத்தையும் விசாரிக்கிறாரா? ஆம் எனில், தோற்றாலும் அவரிடமே விடுவோம்.