சன்மானம் வேண்டாம், ஊதியம் வேண்டும்!

(மடவளையில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பாட்டின் இனிமையைப் பற்றிப் பேச எத்தனையோ மேடைகள் இருக்கின்றன. இன்று நாம் பேச வந்திருப்பது பாடுகிறவனின் பசியைப் பற்றி. பெரிய நிறுவனம் எதன் நிழலும் இல்லாமல், தன் தொண்டையையும் தன் விரல்களையும் மட்டுமே நம்பித் தொழில் தொடங்கும் ஓர் இளைஞன், மாத முடிவில் வாடகையும் மின்கட்டணமும் கட்டுவது எப்படி? இதுவே எமது கேள்வி.

இசை மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்குள் நாம் நுழையவில்லை. அதை மார்க்க அறிஞர்களிடம் விட்டுவிடுகிறோம். றபான் தட்டிப் பாடிவந்த பக்கீர் பாவாமாரை நம் மக்கள் அறிவார்கள். கலியாண வீட்டுப் பாட்டையும் அறிவார்கள். பாடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. எமது பேச்சு அங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரு கலியாண வீட்டை எண்ணிப் பாருங்கள். பந்தல் போட்டவருக்குப் பணம்; ஒலிபெருக்கி கட்டியவருக்குப் பணம்; சமையற்காரருக்குப் பணம்; படம் பிடித்தவருக்குப் பணம். பாடிய இளைஞனுக்கு? ஒரு பொன்னாடை, ஒரு கைகுலுக்கல், "தம்பி, இது உமக்கு நல்ல விளம்பரம்" என்று ஒரு வாழ்த்து! விளம்பரத்தை அடுப்பில் ஏற்றிச் சோறு சமைக்க முடியுமா என்று கேட்கிறோம்.

மேளத்துக்கு நிலம் கொடுத்த நாடு

"கலையைக் காசுக்கு விற்பதா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு, இந்தக் கண்டி மண்ணின் வரலாற்றையே விடையாகத் தருகிறோம். தலதா மாளிகையிலும் தேவாலயங்களிலும் மேளம் கொட்டியவர்கள் வெறும் பக்திக்காகக் கொட்டவில்லை. அந்தச் சேவைக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் இருந்தது. தந்தை கொட்டினார், நிலத்தை உழுதார். மகன் கொட்டினான், அதே நிலத்தை உழுதான். சாதிக் கட்டுமானத்தின் கொடுமை அதில் இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மேளமும் ஓர் உழைப்பு, உழைப்புக்கு ஈடு உண்டு என்பதை மன்னராட்சியே ஒப்புக்கொண்டிருந்தது. 1830-களில் வெள்ளையராட்சி அரசாங்கத்துக்கான இராசகாரியத்தை ஒழித்தது; கோயில் நிலங்களில் அது தொடர்ந்தது. 1870-இல் வந்த சேவைக் காணிச் சட்டம், அந்தச் சேவையைப் பணமாகவும் செலுத்தலாம் என்றது. அதாவது ஒரு மேள ஒலிக்கு இத்தனை பணம் என்று சட்டமே கணக்கிட வழி திறந்தது. இன்று "கலைக்கு விலையா?" என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

ஒரே வாசலை நம்பாதீர்

சுனில் சாந்த என்ற பெயரைச் சிங்களத் தோழர்கள் அன்போடு உச்சரிப்பார்கள். சாந்திநிகேதனிலும் லக்னோவிலும் இசை பயின்று திரும்பி, 1946 முதல் கொழும்பு வானொலியில் பாடி, சிங்களப் பாட்டுக்குத் தனி முகம் தந்தவர். 1952-இல் இந்தியாவிலிருந்து ரத்தன்ஜன்கர் என்ற வித்துவான் அழைக்கப்பட்டு, வானொலிக் கலைஞர்களைச் சோதித்துத் தரம் பிரித்தார். அந்தச் சோதனைக்கு உட்பட மாட்டேன் என்றார் சுனில் சாந்த. வானொலியில் அவருக்கிருந்த இடம் பறிபோயிற்று. அன்று நாட்டில் வானொலி ஒன்றே பெருவாசல். நாடே முணுமுணுத்த பாட்டுகளைத் தந்தவர், வேறு தொழில்களில் பிழைப்பைத் தேட நேர்ந்தது.

அவருடைய மான உணர்வை நாம் வணங்குகிறோம். அதே வேளையில் ஒரு பாடத்தையும் எடுத்துக்கொள்கிறோம். கலைஞனின் வருமானம் ஒரே வாசல் வழியாக வருமானால், அந்த வாசலின் சாவியை வைத்திருப்பவனே அவனுக்கு எசமான். அன்று வானொலி; இன்று யூடியூப்பும் ஸ்பாட்டிஃபையும். எசமான் மாறியிருக்கிறான், சாவி மாறவில்லை.

ஸ்பாட்டிஃபை 2021-இல் நம் நாட்டுக்கு வந்தது. 2024 முதல் அதன் விதி என்ன? ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால், அந்தப் பதிவுக்கு ஒரு சதமும் கிடையாது. யூடியூப்பில் விளம்பரப் பங்கு பெற வேண்டுமானால் 1,000 சந்தாதாரர் வேண்டும். அத்தோடு ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறும்படங்கள் ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். தொடங்குகிறவனுக்கு இவை கடையின் பெயர்ப்பலகை. கல்லாப்பெட்டி வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இசை கற்பித்தல், கலியாணமும் பாடசாலை விழாவும், கடைகளின் விளம்பரத்துக்கு இசை அமைத்தல், பிறருடைய பதிவுக்கு வாசித்தல் ஆகிய நான்கும் சேர்ந்தே முதல் ஐந்தாண்டுச் சோற்றைத் தரும்.

மொழியையும் ஒரே வாசலாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. முகைதீன் பேக் சேலத்தில் பிறந்தவர், இசுலாமியர். 1991-இல் மறையும்வரை சிங்களத் திரைப்படத்திலும் பௌத்த பக்திப் பாடலிலும் அவர் குரல் நிலைத்து நின்றது. இரு மொழியும் பேசும் கண்டிச் சீமையில் பிறந்த நமக்கு அந்த வாசல் இன்னும் அருகில் இருக்கிறது.

கணக்கு எழுதத் தெரியாத கலைஞன்

ஐந்து பேர் கொண்ட குழுவொன்று ஓர் இரவு நிகழ்ச்சிக்கு 60,000 ரூபா பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிய தொகை! வாகனத்துக்கு 12,000, ஒலிக்கருவி வாடகை 15,000. மிச்சம் 33,000. ஆளுக்கு 6,600. மூன்று நாள் ஒத்திகை, ஒரு நாள் நிகழ்ச்சி. ஆக நான்கு நாள். நாளொன்றுக்கு 1,650 ரூபா! கிட்டார்க் கம்பி அறுந்தால் அதுவும் இந்தப் பணத்திலிருந்துதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விலை பேசுகிறவன், தன் நட்டத்தைத் தானே கொண்டாடுகிறான். ஒத்திகை நாளையும் விலையில் சேருங்கள். பாதித் தொகையை முன்பணமாகப் பெறுங்கள். நிகழ்ச்சி நின்றுபோனால் முன்பணம் யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிடுங்கள்.

பாட்டு யாருடையது?

எல்லாவற்றிலும் பெரிய கேள்விக்கு வருகிறோம். பாட்டு யாருடையது?

2021 மார்ச்சில் "எஞ்சாய் எஞ்சாமி" வெளிவந்தது. அறிவு எழுதினார், தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். அந்தப் பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? நம் மலையகத்தில்! அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டியவர்கள் என்று எண்ணிக்கையாக எழுதியது. அப்படிக் கப்பலேறிய தலைமுறையின் நினைவே அந்தப் பாட்டாயிற்று. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள்.

நடந்தது என்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் முகப்பில் அறிவின் முகம் இல்லை. எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னரே அவருக்குத் தனி முகப்பு வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களில் எவருக்கும் ஒரு சதம்கூட வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனமான மாஜா தன் தரப்பு விளக்கத்தைக் கூறியது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நாம் நீதிமன்றம் அல்ல. பேரும் புகழும் பெற்ற கலைஞருக்கே, தம் பாட்டின் பணத்தைப் பற்றித் தெருவில் நின்று பேச வேண்டிய நிலை வருமானால், நேற்றுப் பாடத் தொடங்கிய நம் பிள்ளையின் நிலை என்ன?

சட்டம் நம் பக்கம் ஒரு கோலையாவது நட்டு வைத்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டைப் படைத்த அந்தக் கணத்திலேயே உரிமை பிறக்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. படைத்தவர் வாழும் காலமும், மறைந்தபின் 70 ஆண்டும் அது நிலைக்கும். பொருளாதார உரிமையைக் கைமாற்றினாலும், பாட்டில் தன் பெயர் இடம்பெற வேண்டும் என்ற உரிமை படைத்தவரிடமே நிற்கும். ஆனால் உரிமையை எழுதிக் கொடுத்தபின் அழுது பயனில்லை. ஒப்பந்தத்தில் "எக்காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும், எல்லா வடிவத்துக்கும்" என்ற சொற்களைக் கண்டால், பேனாவை மூடிவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பங்குக்கு, கணக்கு எப்போது காட்டப்படும் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் விடை வேண்டும். குழுவுக்குள்ளும் அப்படியே: மெட்டு யாருடையது, வரி யாருடையது, வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம் என்பதைப் பாட்டு வெளிவருமுன்பே எழுதுங்கள். காசு வந்தபின் நட்புக்கு ஞாபகசக்தி குறைந்துவிடும்!

நம் கடமை

இறுதியாக, இங்கே அமர்ந்திருக்கும் பெரியோரிடம் ஒரு சொல். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிகளாரின் வாக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பாடுகிறவனின் நெற்றியிலும் வியர்வை உண்டு. விழா எடுக்கும் பாடசாலைச் சங்கங்களே, கலியாணம் நடத்தும் குடும்பங்களே, விளம்பரத்துக்குப் பாட்டுக் கேட்கும் கடைக்காரர்களே, ஒலிபெருக்கிக்குப் பணம் ஒதுக்கும்போதே அதன் முன்னால் நிற்பவனுக்கும் ஒதுக்குங்கள்.

1940-இல் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டு நூலாக வெளியிட்டார். பாட்டைக் கேட்ட தொழிலாளர் சங்கமாகத் திரண்டார்கள். பாடியவர்கள் மட்டும் இன்றுவரை தனித்தனியே நின்று விலை பேசுகிறார்கள். ஒருவன் 60,000 கேட்டால் மற்றவன் 40,000-க்கு இறங்குகிறான், இருவரும் பட்டினி. மடவளையிலும் வத்தேகமவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கண்டி நகரிலும் உள்ள இசைக்கலைஞர்கள், இனமும் மொழியும் பாராமல் ஒன்றுகூடி, இந்தத் தொகைக்குக் கீழே எவரும் மேடையேறுவதில்லை என்று முடிவு செய்யட்டும். ஒரே மாதிரியான ஒப்பந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடட்டும்.

உழைப்புக்கு ஊதியம், ஊதியத்துக்கு எழுத்து, எழுத்தைக் காக்கச் சங்கம்! இந்த மூன்றையும் பெற்றபின் பாடுங்கள் தோழர்களே, கேட்க நாம் காத்திருக்கிறோம்.