தலையெழுத்தா? இரத்த அணுவா?

(புதுவையில் செய்த சொற்பொழிவின் சாரம்)



2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் தொற்று வியாதி இப்புதுவைக்கும் வந்தது. மறு ஆண்டு அதனினும் கொடிதாக வந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களில் ஒருவர் நாலு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார். மற்றொருவர் மூச்சுத் திணறி மாண்டார். ஏன் என்று கேட்டால் “அவனவன் தலையெழுத்து” என்கிறார்கள். அந்தத் தலையெழுத்தை இதுவரை யாராவது வாசித்துக் காட்டியதுண்டா என்று கேட்கிறோம். இரத்தத்தில் உள்ளதையோ, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் எண்ணிக் காட்டுகிறார்கள்.

நமது இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்ற காவலாட்கள் இருக்கிறார்கள். சுகமாயிருக்கும் பெரியவர்களுக்கு இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் நியூட்ரோபில் என்பவை. நூற்றுக்கு 20 முதல் 40 வரை லிம்போசைட் என்பவை. வைரசை அடையாளங்கண்டு, அது புகுந்த அணுக்களை ஒழிப்பது லிம்போசைட்டின் வேலை. கொரோனா முற்றியவர்களுக்கு லிம்போசைட் குறைந்து நியூட்ரோபில் பெருகியிருந்தது. ஆள் தெரிந்த காவலர் குறைந்து, ஆள் தெரியாதவர் கூட்டம் பெருகினால் என்ன ஆகும்? கள்ளனைப் பிடிக்க வந்தவர்களே வீட்டுக்குத் தீ வைத்தது போல, உடம்பின் சொந்தப் படையே நுரையீரலைப் புண்ணாக்கி நீர் கோக்கச் செய்துவிடுகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் முற்றவில்லை என்று கேட்பீர்கள். வயது, சர்க்கரை வியாதி முதலியவை காரணங்கள். இன்னுமொன்று: வைரஸ் வந்ததும் உடம்பு முதலில் அடிக்கும் அபாய மணி இன்டர்பெரான் என்பதாகும். 2020-இல் பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் கூடிச் சோதித்ததில், உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்த 987 பேரில் 101 பேருக்கு, அந்த மணியையே அடக்கிவிடும் பொருள் அவர்கள் இரத்தத்திலேயே இருந்தது. வியாதி லேசாயிருந்த அல்லது தெரியாமலே போன 663 பேரில் ஒருவருக்கும் அது இல்லை. இதில் பூர்வ ஜன்ம கர்மத்திற்கு இடம் எங்கே?

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். படை மிதமிஞ்சிப் போவதை அடக்க, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தை 2020-இல் இங்கிலாந்தில் சோதித்தார்கள். சுவாச யந்திரத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ பலனில்லை. ஆகவே, அதையும் தானே கடையில் வாங்கி விழுங்குவது பகுத்தறிவாகாது, வைத்தியர் சொல்லவேண்டும்.

இது தெரிந்த பிறகும், 2021-இல் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஆதீனத்தில் “கொரோனா தேவி”க்குக் கருங்கல்லில் சிலை வைத்து, 48 நாள் யாகமும் ஏற்பாடு செய்தார்கள். அதே நாட்களில் நாட்டின் பல ஊர்களில் பிராணவாயு கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். எல்லாம் விதி என்பதால் யாருக்கு லாபம்? யாகம் செய்கிறவனுக்கு லாபம். பிராணவாயு சேர்த்து வைக்காத சர்க்காருக்கும் லாபம். செத்தவன் வீட்டுக்கு என்ன லாபம்?

ஆகவே தோழர்களே! தடுப்பூசி என்பது லிம்போசைட்டுக்குக் கள்ளனின் அடையாளத்தை முன்கூட்டியே காட்டிவைப்பதுதான், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் ஜோசியனிடம் நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே படுக்கையும் பிராணவாயுவும் இல்லையானால் விதியை நோகாதீர்கள், சர்க்காரைக் கேளுங்கள்.