மடக்குக் கத்தி பிழைத்த கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நான் கத்தியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். யாரும் அஞ்ச வேண்டாம். நான் சொல்வது மடங்கும் கத்தி. நம் பாட்டனார்கள் பேனாக்கத்தி என்று பெயரிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார்களே, அந்த இனம். இறகுப் பேனாவைச் சீவுவதற்காகப் பிறந்தது அது. இறகு போயிற்று, பெயர் போகவில்லை. பென்சில் சீவவும், கயிறு அறுக்கவும், மாங்காயைக் கீறி உப்பு வைக்கவும் அதே கத்திதான்.

நாம் வாழும் ஸ்ரீ சிட்டி 2008-இல் தோன்றிய தொழில் நகரம். இங்கே ஒரு பொருளின் உற்பத்தி நின்றுவிட்டது என்பது செய்தியே அன்று. இவ்வாண்டுக் கைப்பேசி அடுத்த ஆண்டு இராது. அதற்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. வரைபடம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன. வேண்டுமானால் மீண்டும் செய்துகொள்ளலாம். கைத்தொழிலின் நிலை வேறு. அங்கே வரைபடம் காகிதத்தில் இல்லை. செய்பவரின் மணிக்கட்டில் இருக்கிறது. அவர் பட்டறையைச் சாத்தினால் அதுவும் அவரோடு போய்விடும். அதனால்தான் ஒரு பொருளை நேசிப்பவர்கள், 'நிறுத்திவிடாதீர்கள்' என்று மன்றாடுகிறார்கள். அந்த மன்றாட்டு எப்போது பலிக்கிறது, எப்போது வீணாகிறது? இரண்டு கத்திகளின் வரலாற்றைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

முதலாவது நம் நாட்டுக் கத்தி. உத்தரப் பிரதேசத்தில் நவாபுகள் ஆண்ட ராம்பூர் என்னும் ஊரின் பெயரைக் கொண்ட 'ராம்பூரி'. பித்தளைப் பிடி, நீண்ட அலகு, விரிக்கும்போது எழும் 'கட கட' ஓசை. பழைய இந்திப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதைக் காட்டித் தர வேண்டியதில்லை. வில்லன் வாய் திறக்குமுன் கத்தி திறக்கும்! அந்தப் புகழே அதற்குப் பகையாயிற்று. 1962-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகுடைய கத்திகளை ஆயுத வரிசையில் வைத்தன. 1990களில் மாநில அரசு ராம்பூரியின் அலகை 4.5 அங்குலத்துக்குள் அடக்கியது. மலிவான கத்திகளும் சந்தையில் வந்து குவிந்தன. கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

ராம்பூரிக்கு அபிமானிகள் இல்லாமல் இல்லை. 2023-இல் அந்நகரின் நாற்சந்தி ஒன்றில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள கத்தி ஒன்றைச் சிலைபோல் நிறுவினார்கள். மக்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தக் கத்தி மடங்குமா, மாம்பழம் நறுக்குமா? கலைஞன் உயிரோடு இருக்கும்போதே கைப்பொருளுக்குச் சிலை வைப்பது, உடம்பில் சூடு இருக்கும்போதே திதி கொடுப்பது போன்றதல்லவா? ஆனால் அவ்வூரார் மீது பழி சொல்ல மாட்டேன். சட்டைப்பைக்கு அடங்காத கத்திக்கு, சண்டையைத் தவிர அன்றாட வேலை என்று எதைக் காட்டுவது?

இரண்டாவது கத்தி ஜப்பானியக் கத்தி. நம் ஊரிலே மண் தோண்டும் எந்திரங்களைச் செய்யும் கோபெல்கோ தொழிற்சாலையை அறிவீர்கள். அதன் தாய் நிறுவனம் பிறந்த கோபே நகருக்கு அருகில், மிக்கி என்று ஓர் ஊர் இருக்கிறது. உளி, ரம்பம், இழைப்புளி என்று தச்சர்க்கு வேண்டிய கருவிகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கொல்லர் ஊர். அங்கே 1890களில் உருவானது 'ஹிகோனோகாமி'. 'ஹிகோ நாட்டு ஆளுநர்' என்று பொருள். பெயரில்தான் ஆடம்பரம், கத்தியைப் போல எளிமையானது வேறொன்றில்லை. தகட்டை மடித்துச் செய்த பிடி, ஓர் அலகு, இரண்டையும் இணைக்கும் ஓர் ஆணி. அலகின் அடியில் வால் போன்ற சிறு நீட்சி ஒன்று. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு வெளிவரும். வில் கிடையாது, பூட்டும் கிடையாது.

எளிமை என்றேனே, கொல்லர் திறமை முழுவதும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. சற்றே கூடுதலாகத் தட்டினால் அலகு இறுகும். குழந்தையால் திறக்க முடியாது. ஓரடி குறைந்தால் அலகு தளர்ந்து தானே விழும். எத்தனை அடி என்று எந்த ஏட்டிலும் எழுத இயலாது. காதும் கையுமே கணக்கு.

ஒரு காலத்தில் ஜப்பானியச் சிறுவர்களின் சட்டைப்பையில் எல்லாம் இக்கத்தி இருந்தது. பென்சில் சீவினார்கள், மூங்கிலில் பொம்மை செய்தார்கள், விரலையும் வெட்டிக்கொண்டார்கள். 1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவில், சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவை மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். குத்தியது குறுவாள், பேனாக்கத்தி அன்று. ஆயினும் அதன்பின் 'குழந்தை கையில் கத்தி வேண்டாம்' என்ற இயக்கம் நாடெங்கும் வலுத்தது. பென்சில் சீவும் கருவிகளும் பள்ளிதோறும் வந்தன. வாள் செய்த குற்றத்துக்குப் பேனாக்கத்தி தண்டனை பெற்றது! மிக்கியில் உலைகள் அணைந்தன. அப்பெயரை முறைப்படி பயன்படுத்தும் உரிமையுடைய பட்டறை இன்று ஒன்றே ஒன்று: நாகாவோ குடும்பத்தின் 'கானேகோமா'.

அந்த ஒன்றும் எப்படி நிலைத்தது? உலகெங்கும் உள்ள கத்தி அபிமானிகள் தேடி வாங்குகிறார்கள். அது பெரும் துணை. ஆனால் அபிமானிகளில் இரு வகை உண்டு. பெட்டியில் பூட்டி வைப்பவருக்கு ஒரு கத்தி போதும், வாழ்நாள் முழுவதும். நாளும் பயன்படுத்துபவருக்கு அலகு தேயும்; சாணை வேண்டும், மறுகத்தி வேண்டும். கொல்லர் வீட்டு அடுப்பு எரிவது இவரால்தான். பூட்டி வைப்பவர் போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டால், சிறுவன் வாங்க முடியாமல் போகும் தீமையும் உண்டு.

என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. நாகானோ மாநிலத்தில் இகேதா என்னும் சிற்றூரின் தொடக்கப் பள்ளியொன்றில், 1980களிலிருந்து குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஹிகோனோகாமி தருகிறார்கள். பென்சிலை அதனாலேயே சீவ வேண்டும். கத்தியைத் தீட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். நாடு முழுவதும் கத்தியைப் பிடுங்கிய பின்பு, ஒரு பள்ளி அதைத் திரும்பக் கையில் கொடுத்தது. அங்கே கத்திக்குச் சிலை வைக்கவில்லை, வேலை கொடுத்தார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். அரிவாள்மனையில் மடக்கும் வகை உண்டு. அலகு பலகையின்மேல் படுத்துக்கொள்ளும். இரயிலில் சீதனத்தோடு வந்த அரிவாள்மனைகள் நம் குடியிருப்பில் எத்தனையோ பரண்மேல் கிடக்கின்றன. அதைக் காக்கவேண்டும் என்று மேடையில் முழங்கி, நின்று சமைக்கப் பழகிய தாய்மார்களைத் தரையில் உட்காரச் சொல்வது நியாயமன்று. ஆனால் அதன் நுனியில் உள்ள தேங்காய்த் துருவிக்கு இன்றும் வேலை இருக்கிறது. அந்தப் பல் இருக்கும் வரை அரிவாள்மனைக்கும் ஆயுள் இருக்கும் என்பது என் கணிப்பு. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அதைக் கையோடு எடுத்துச் சென்று, உள்ளூர்க் கொல்லரிடம் பல் தீட்டி வாங்கிப் பாருங்கள். கூலி சிறிது, ஆனால் அவர் பட்டறையைத் திறந்து வைக்க அது ஒரு காரணம்.

செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். குழந்தைகளுக்குக் கோலப் போட்டியும் ஒப்புவித்தல் போட்டியும் வைக்கிறோம். அடுத்த ஆண்டு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பேனாக்கத்தியால் பென்சில் சீவும் போட்டி ஒன்றைச் சேர்க்கலாமா? கத்திகளைத் தேடிக் கொண்டுவருவது என் பொறுப்பு. பஞ்சும் டிங்சரும் நம் டாக்டர் அவர்களின் பொறுப்பு.